செக்ரோல் புத்தகமும் ஊர் தாண்டாத மெக்ரோவும்

தோட்ட ஆபீஸ் அலமாரியில், சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகங்களுக்கு எப்போதும் கீழ்த்தட்டுத்தான். விரித்தால் மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும் புத்தகத்தை மேலிருந்து இறக்க யாரால் முடியும்? இடது ஓரத்தில் ஆளின் இலக்கமும் பெயரும். அடுத்து 1 முதல் 31 வரை கட்டங்கள். அவற்றைத் தாண்டினால் மொத்தப் பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்), கூடுதல் கொழுந்துக்கான காசு, பிறகு கழிவுகள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, டோபிக் காசு, பாபர் காசு, அரிசி மா, தீபாவளி அட்வான்ஸ். கடைசியாக, ஒடுங்கிய ஒரு நிரலில், கையில் கிடைக்கும் தொகை.

1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. அங்கே போகிறவர்கள் உருளைகளுக்கும் என்ஜின்களுக்கும் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த உருளைக்குக் கொழுந்து அனுப்பியவளுக்கு மாதக் கடைசியில் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்பவர் குறைவு. கேட்டிருந்தால் பதில் சுவாரசியமாகவே இருந்திருக்கும். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களம். கங்காணி தலை எண்ணிக் கொடுக்க, கணக்கப்பிள்ளை தன் சின்னப் புத்தகத்தில் பேர் போடுவார். மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு, குறித்த கிலோவுக்குக் குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். அந்தச் சின்னப் புத்தகத்திலிருந்து ஆபீஸின் பெரிய புத்தகத்துக்கு ஏற்றுவது செக்ரோல் கிளாக்கரின் வேலை. 1984இல் சம சம்பளம் வரும்வரை ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு ஒரு விகிதம் என்று கணக்கே இரண்டாகப் பிரிந்து ஓடியது.

அந்தக் கணக்கு இடம் மாறும், ஆளும் மாறும். கலஹாவில் வேலை பார்த்த கிளாக்கர் புசல்லாவைக்கு மாற்றலாகி வந்தால், பெட்டியை இறக்கிவைத்த அன்றைக்கே புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடலாம். கட்டம் போட்ட முறை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்று. பென்சிலும், கணக்கு வாய்பாடான ரெடி ரெக்னரும் இருந்தால் போதும். முந்தியவர் எந்தத் தொகையை எங்கிருந்து எடுத்தார் என்பது அவருடைய கையெழுத்திலேயே தெரியும், அவர் அழித்துத் திருத்திய இடம் உட்பட. சம்பளத்தில் குறை சொல்லி வந்த பெண்ணுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், "பதினேழாந் திகதி நான் வேலைக்கு வந்தேங்கய்யா" என்று சொன்னால் கிளாக்கர் அந்தக் கட்டத்தில் விரல் வைத்தாக வேண்டும். நியாயம் கிடைத்ததா என்பது வேறு விஷயம். பல இடங்களில் கிடைக்கவில்லை. ஆனால் சண்டை பிடிக்க ஒரு கட்டம் இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. மாதக் கடைசி வந்தால் ஆபீஸில் லாம்பு அணையாது. குறுக்கே கூட்டிய தொகையும் நெடுக்கே கூட்டிய தொகையும் ஒத்துவராமல், இருபது சதத்தைத் தேடி இரவு முழுக்க நூற்றுக்கணக்கான பேர்களின் கட்டங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டுவார்கள். அது ஒத்துவந்த பிறகு இன்னொரு தலைவலி, நோட்டுப் பிரிப்பு. பத்தாந் திகதி கண்டி வங்கிக்கு ஜீப் போகும். நூறு ரூபாத் தாள் எத்தனை, ஐம்பது எத்தனை, பத்து எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒவ்வொரு ஆளின் தொகையையும் உடைத்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் சம்பள மேசையில் கடைசி ஆளுக்குக் கொடுக்கச் சில்லறை இருக்காது.

இந்த நோட்டுப் பிரிப்பைச் செய்து காட்டித்தான் கம்பியூட்டர் கிளாக்கர்மாரை வசப்படுத்தியது என்பேன். 1992இல் அரசு வசமிருந்த தோட்டங்களில் பெரும்பகுதியின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. கொழும்புத் தலைமையகங்கள் மாதாந்தக் கணக்கை முன்னைவிட வேகமாகக் கேட்டன. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் உலகம் முழுக்க அலுவலகங்களில் உட்கார்ந்து முடித்திருந்த காலம் அது. அதில் மெக்ரோ என்பது ஒளிவுமறைவில்லாத சங்கதி. எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்த வேண்டுமோ, அதைத் தாளின் ஒரு மூலையில் கட்டங்களுக்குள்ளேயே எழுதி வைப்பார்கள். என்டர் விசைக்கு ஒரு டில்டக் குறி. அந்தக் கட்டத்துக்குப் பின்சாய்கோட்டோடு ஓர் எழுத்தைப் பெயராக வைத்துவிட்டால், ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டியதும் கணக்கு ஓடும். பார்க்கக் குழந்தை கிறுக்கியதுபோல இருக்கும். ஆனால் கோப்பைப் புளொப்பியில் போட்டு நாவலப்பிட்டிக்குக் கொண்டுபோனால் மெக்ரோவும் கூடவே போனது. தாளை அச்சடித்தால் அதுவும் அச்சில் வந்தது. செக்ரோல் புத்தகத்தின் குணம் அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

எக்செல் வந்தபோது அந்தக் குணம் போய்விட்டது. 1993இல் வந்த எக்செல் 5இலிருந்து மெக்ரோ விஷுவல் பேசிக் மொழிக்கு மாறியது. அது கணக்குக் கட்டங்களில் இல்லை, தனி அறையில் இருந்தது. கணக்குப் போடும் திறன் பல மடங்கு பெருகியதை மறுக்க முடியாது. அதோடு சேர்ந்து வந்த தொல்லைதான் இன்றுவரை தோட்ட ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், கொழுந்து வாங்கும் தனியார் தொழிற்சாலை, டியூட்டரி என்று எல்லா இடத்திலும் கேட்கும் அந்தப் புலம்பல்: "என்ட மெஷின்ல வேலை செய்யுது, அவங்கட மெஷின்ல இல்ல."

காரணம் பெரும்பாலும் சின்னது. மெக்ரோவைப் பதிவு செய்யத் தொடங்கும்போது எக்செல் ஒரு கேள்வி கேட்கும், இதை எங்கே வைக்கட்டும் என்று. இந்தக் கோப்பிலா, புதிய கோப்பிலா, உங்கள் சொந்த மெக்ரோக் கோப்பிலா? சொந்தக் கோப்பு என்பது எக்செல் திறக்கும்போதெல்லாம் பின்னால் ஒளிந்து திறந்துகொள்ளும் ஒன்று. அதில் வைத்தால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் மெக்ரோ கைக்குக் கிடைக்கும். வசதி என்று நினைத்துப் பலரும் அங்கேதான் வைப்பார்கள். அது அந்த இயந்திரத்தில், அந்த ஆளின் கணக்குக்குள், விண்டோஸ் சாதாரணமாகக் கண்ணில் காட்டாத ஒரு கோப்புறையில் கிடக்கும். சம்பளக் கோப்பை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வத்தேகமத்துக்குப் போனால், அங்கே பொத்தான் இருக்கும், நிறம் இருக்கும், அழுத்தினால் மெக்ரோவைக் காணவில்லை என்ற பெட்டி வரும். பொத்தான் தேடுவது பழைய இயந்திரத்தின் விலாசத்தை. வீடு மாறியவருக்கு வரும் கடிதம் பழைய வாசலில் கிடப்பது மாதிரித்தான்.

இதைப் புரிந்துகொண்டவர் மெக்ரோவைக் கோப்புக்குள்ளேயே வைப்பார். அவருக்கு 2007இல் வேறொரு பொறி காத்திருந்தது. அந்த ஆண்டு வந்த எக்செல், கோப்பு வகையை இரண்டாக்கியது: மெக்ரோ தங்கும் எக்ஸ்எல்எஸ்எம், தங்காத எக்ஸ்எல்எஸ்எக்ஸ். இரண்டாவது வகையில் சேமிக்கப் போனால் நீளமான ஓர் ஆங்கில எச்சரிக்கை வரும். சம்பள நாள் அவசரத்தில் அதை யார் வாசிப்பது? ஆம் என்று தட்டினால் மூன்று மாத உழைப்பு போய்விடும். கோப்பு நன்றாகத் திறக்கும், எண்களும் இருக்கும். மெக்ரோ மட்டும் இருக்காது.

சொந்த மெக்ரோக் கோப்பின் ஆபத்தை உலகம் 1996இலேயே பார்த்துவிட்டது. எக்செலைத் தாக்கிய முதல் பரவலான வைரஸான லாரூ, அந்தக் கோப்புக்குள்தான் குடியேறியது. அதிலிருந்து அந்த இயந்திரத்தில் திறக்கிற ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டிக்கொண்டது. மெக்ரோவைப் பகிர்ந்துகொள்ள மனிதர்கள் பட்ட பாட்டை வைரஸ் படவில்லை. அழைக்காமலே ஊர் ஊராகப் போனது. இப்படிப்பட்ட வைரஸ்களின் விளைவாக மைக்ரோசொப்ட் அடுத்தடுத்த பதிப்புகளில் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்தது.

மெக்ரோ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும் திகதி காலை வாரும். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பேரிலேயே கைவைக்கும். புதிதாக வாங்கும் இயந்திரங்கள் பல அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருக்கும். அதை யாரும் மாற்றுவதில்லை. நாம் நாளை முதலிலும் மாதத்தை இரண்டாவதாகவும் எழுதுகிறோம். அமெரிக்கர் தலைகீழ். எழுத்தாகத் தட்டிய திகதியை மெக்ரோ திகதியாக மாற்றும்போது இயந்திரத்தின் அமைப்பைத்தான் நம்பும். மார்ச் 25 தப்பிவிடும், 25ஆவது மாதம் ஒன்று கிடையாதே. மார்ச் 4, ஏப்ரல் 3 ஆகிவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் குழப்பம், மிச்சம் சரி. முழுவதும் பிழைத்தால் உடனே கண்டுபிடிப்பார்கள். பாதி சரியாக இருப்பதால்தான் பிழை கண்ணில் படாமல் சம்பள மேசைவரை போகிறது. செக்ரோல் புத்தகத்தில் 4 என்று அச்சடித்த கட்டம் எந்த ஊருக்குப் போனாலும் 4தான்.

அடுத்தது தமிழ். இலங்கையில் நெடுங்காலம் தமிழ்த் தட்டச்சு என்றால் பாமினி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கோப்பைக் கொடுக்கும்போது எழுத்துருவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அச்சகக்காரர்களுக்குப் பழகிய விஷயம். ஆபீஸ்காரர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய அதிர்ச்சி. யுனிகோட் வந்து இதைத் தீர்த்துவிட்டது என்று நம்பியவர்கள் மெக்ரோ எழுதப்போனால் திகைப்பார்கள். எக்செலின் கட்டங்கள் யுனிகோடை ஏற்கும். மெக்ரோ எழுதும் ஜன்னல் மட்டும் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறது. அதில் தமிழில் தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் விழும். "தோட்டம்" என்று மெக்ரோவிலிருந்து எழுத வேண்டுமானால் 'த'வுக்கு 2980 என்று ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் கொடுத்துக் கோக்க வேண்டும். பாமினியில் எழுதினால் இந்தப் பிரச்சினையே கிடையாது, இயந்திரத்தைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்துத்தானே! யுனிகோடுக்கு மாறச்சொல்லி ஊரெல்லாம் பிரசாரம் செய்தவர்கள் தோட்ட ஆபீஸில் பாமினி ஏன் இன்னும் இருக்கிறது என்று கோபப்படுவதற்கு முன் இந்த ஜன்னலை ஒருமுறை திறந்து பார்க்கலாம். கெட்டிக்காரர்கள் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறார்கள். தமிழ்ச் சொற்களையெல்லாம் ஒரு தனித் தாளின் கட்டங்களில் தட்டிவைத்து, மெக்ரோவை அங்கிருந்து எடுக்கச் சொல்வது.

இன்னொரு தொல்லை அடையாள அட்டை. 2016 ஜனவரியிலிருந்து தேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கமானது. அதுவரை ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். எழுத்து இருந்ததால் எக்செல் அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டது. 12 இலக்கம் வந்ததும் எண்ணாக எடுத்து, நீளம் கூடிப்போனதால் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டியது. வேலையில் புதிதாகச் சேர்ந்த பையனின் அடையாள இலக்கம் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் வரும் எண் மாதிரி ஆகிவிட்டது. சேமலாப நிதிக் கணக்குக்கு அந்த எண் வேண்டும். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று அந்த நிதியைக் கட்டுகிறார்கள். அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஆட்கள் அதிகமுள்ள இடங்கள் அந்த விபரத்தை இப்போது மின்னணுக் கோப்பாகத்தான் அனுப்புகின்றன. ஒவ்வோர் இலக்கமும் அதற்குரிய இடத்தில் விழ வேண்டும். இந்தக் கோப்பை உருவாக்கித் தரும் மெக்ரோ ஒன்றுதான் பல கிளாக்கர்மாருக்கு மாதத்தில் இரண்டு நாளை மீட்டுக் கொடுத்தது. கடைசி எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன் என்று அடம்பிடித்து, புதியவர்களை விட்டுவிட்டுப் போனதும் அதே மெக்ரோதான். விட்டுப்போனது ஒருவருடைய ஓய்வுகாலக் காசு.

இப்படிப் பிழைக்கும்போது உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். பல இடங்களில் முடியாது. மெக்ரோவை எழுதியவர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருப்பார். யார் அவர்? பெரும்பாலும் கண்டியில் கம்பியூட்டர் டிப்ளோமா படித்த, லயத்தில் பிறந்த ஒரு பையன். ஆபீஸில் தற்காலிகமாக இருந்தபோது ஆர்வத்தில் எழுதிக் கொடுத்திருப்பான். அதற்குத் தனிச் சம்பளம் இருந்திருக்காது. இன்று அவன் கட்டாரிலோ கொழும்பிலோ இருக்கிறான். பூட்டினான் என்று அவனைக் குறை சொல்ல எனக்கு வராது. திறந்து வைத்திருந்தால் யாராவது தொட்டுக் கெடுத்துவிட்டு அவனைத்தான் ஏசியிருப்பார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள்: "எனக்கு ஏன் அரைப்பேர்?" என்று கேட்கிற பெண்ணுக்குக் காட்ட அன்று ஒரு கட்டம் இருந்தது. இன்று கிளாக்கரே, "கம்பியூட்டர் அப்படித்தான் போடுது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

2022இல் மைக்ரோசொப்ட் பெரிய கதவொன்றை அடைத்தது. இணையத்திலிருந்து வந்த கோப்பில் மெக்ரோ இருந்தால் சிவப்புப் பட்டை காட்டும். முன்பிருந்த மஞ்சள் பட்டையில் அனுமதிக்கும் பொத்தான் இருந்தது, இதில் இல்லை. மின்னஞ்சலிலிருந்தோ இணையத்திலிருந்தோ இறக்கும் கோப்பின்மேல் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் ஒட்டிவிடும். எக்செல் அதைப் பார்த்துத்தான் தடுக்கிறது. கோப்பின் பண்புகளுக்குள் போய் அடியில் உள்ள சின்னக் கட்டத்தைத் தட்டினால் தடை நீங்கும். இதில் ஒரு வேடிக்கை. சாதாரணப் பென் டிரைவ்களின் பழைய கோப்பு முறை அந்த அடையாளத்தைத் தாங்குவதில்லை, ஏற்றும்போதே உதிர்ந்துவிடும். ஆகவே ஒரு நொடியில் வந்த மின்னஞ்சல் கோப்பு மறுத்தது. பஸ்ஸில் சட்டைப் பையில் குலுங்கி வந்த பென் டிரைவ் கோப்பு மறு பேச்சில்லாமல் திறந்தது. பாதுகாப்பு ஆலோசகர்கள் இதைக் கேட்டால் தலையில் கைவைப்பார்கள். ஆனால் ஹேவாஹெட்டைப் பாதையில் ஓடும் பஸ்ஸை நம்புகிற கிளாக்கருக்கு அனுபவம் சொல்வது வேறு.

பெரிய கம்பனிகளிடம் இன்று தனி மென்பொருள் இருக்கிறது. சில தோட்டங்களில் மின்தராசு மலையிலேயே கொழுந்தை நிறுத்து எண்ணை அனுப்பிவிடுகிறது. சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போகிற இடங்களில் நோட்டுப் பிரிப்பு மெக்ரோவுக்கு வேலையே இல்லை. ஆனாலும் மென்பொருள் தராத ஏதோ ஓர் அறிக்கை எப்போதும் மிஞ்சும், அதற்கு எக்செல்தான். கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாமே என்கிறார்கள் பிள்ளைகள். மாறலாம். அங்கே விஷுவல் பேசிக் ஓடாது, எல்லாவற்றையும் வேறு மொழியில் புதிதாக எழுத வேண்டும். கைபேசியில் உள்ள எக்செலும் மெக்ரோவை ஓட்டாது. கையில் பத்தாயிரக்கணக்கில் விலை கொடுத்த கருவி இருந்தும் கணக்குக்கு ஆபீஸ் மேசைக்குத்தான் வர வேண்டும்.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மெக்ரோக்களைத் திரட்டி ஒரே ஆட்-இன் கோப்பாக்கி, ஆபீஸின் பொதுக் கோப்புறையில் வைத்து, எல்லா இயந்திரங்களும் அதையே எடுக்கும்படி செய்கிறார்கள். டி டிரைவ், ஈ டிரைவ் என்று விலாசத்தை எழுதாமல், கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே தேடு என்று எழுதுகிறார்கள். முக்கியமாக, சம்பள விகிதத்தை மெக்ரோவுக்குள் புதைப்பதில்லை. ஒரு தாளில், கட்டத்தில், யாரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். செக்ரோல் புத்தகத்தைப் பழகிய பழைய ஆட்களிடமே இந்தப் பழக்கத்தை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

புதைத்தவர்கள் பட்ட பாட்டுக்குச் சம்பள மாற்றங்களே சாட்சி. 2016இல் நாட் சம்பளம் 730: அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. 2019இல் அடிப்படை 700, விலைப் பங்கு 50 ஆனது. வரவும் உற்பத்தியும் எடுபட்டன. 2021இல் 900உம் 100உமாக ஆயிரம். 2024இல் 1350. ஒவ்வொரு முறையும் எண் மட்டுமல்ல, கணக்கின் வடிவமே மாறியது. 60 என்ற எண் மெக்ரோவுக்குள் எத்தனை வரியில் ஒளிந்திருக்கிறது என்று தேடியவர்களுக்கு 2019ஆம் ஆண்டு மறக்காது. வேண்டாத வரிகளைச் சிலர் அழித்தார்கள். சிலர் வரியின் தலையில் ஒற்றை மேற்கோள் குறி போட்டார்கள். அப்படிப் போட்டால் வரி பச்சை நிறமாகி, ஓடாமல் அங்கேயே கிடக்கும்.

2026க்கான வரவுசெலவுத் திட்டம் 1350ஐ 1550 ஆக்கி, அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அரசே தரும் என்று முன்மொழிந்தது. எடுபட்ட வரவு திரும்பி வருகிறது, கொடுக்கும் கை மட்டும் வேறு. பச்சை வரிகளை வைத்திருந்தவர்கள் மேற்கோள் குறியை எடுத்தால் போதும் என்று முதலில் நினைத்திருப்பார்கள். போதாது. கம்பனியின் காசு ஒரு நிரல், அரசின் காசு இன்னொரு நிரல், சேமலாப நிதி எதன்மேல் என்பது மூன்றாவது கேள்வி. புதிதாகத்தான் எழுத வேண்டும். கட்டாரில் இருக்கும் பையனுக்கு வட்ஸ்அப்பில் அழைப்புப் போகும்.